கண்ணாடி அடுப்புக்கு எந்தப் பாத்திரம்? முதலில் அடியைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கும் மற்றவர்களுக்கும் உதவும். பாளையங்கோட்டையில் புது வீடு கட்டிக் குடிபோயிருக்கிறீர்கள். அடுக்களை மேடையில் கறுப்புக் கண்ணாடி அடுப்பு பதித்திருக்கிறது. நான்கு வட்டங்களில் இரண்டு இண்டக்‌ஷன், மற்ற இரண்டு கண்ணாடிக்கு அடியில் சிவப்பாகக் கனலும் வகை. அத்தை இத்தனை காலம் புழங்கிய இரும்புத் தோசைக்கல், இருப்புச்சட்டி, வெண்கலப் பானை, அலுமினியச் சருவச்சட்டி, மண்சட்டி, ஈயச்சொம்பு எல்லாம் கையில் இருக்கின்றன. கடையில், "எல்லாத்தையும் மாத்திருங்கக்கா, இந்த அடுப்புக்குன்னே செட்டு இருக்கு" என்கிறார்கள். எதை வைத்துக்கொள்வது, எதை வாங்குவது என்று கேட்கிறீர்கள்.

செட் வாங்காதீர்கள். அத்தையின் பாத்திரங்களில் சில இந்த அடுப்பில் நன்றாகவே வேலை செய்யும். புதிதாக வாங்க வேண்டியது மூன்றோ நான்கோதான். இந்த அடுப்புகளைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். வீடுகளில் எந்தப் பாத்திரம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்ததை வைத்தே சொல்கிறேன்.

கேஸ் அடுப்பில் தீ பாத்திரத்தைத் தேடி வரும். அடி உருண்டையாக இருந்தாலும் நெளிந்திருந்தாலும், பக்கத்தில் ஏறிச் சுற்றிக்கொண்டு சூடாக்கிவிடும். கண்ணாடி அடுப்பில் பாத்திரம்தான் சூட்டைத் தேடிவந்து உட்கார வேண்டும். இந்தக் கண்ணாடி சூட்டைப் பக்கவாட்டில் கடத்துவது மிகவும் குறைவு. கீழிருந்து மேலே விடும், அவ்வளவுதான். வட்டத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அடிக்கும், கண்ணாடியைத் தொடாமல் தூக்கிக்கொண்டிருக்கும் அடிக்கும் சூடு ஒழுங்காகப் போய்ச் சேராது. அதனால் விலை, பளபளப்பு, கைப்பிடி அழகு எல்லாம் பிறகு. அடி என்ன உலோகம், எவ்வளவு தட்டை, எவ்வளவு கனம், எவ்வளவு அகலம் என்பதை முதலில் பாருங்கள்.

பாத்திரத்துக்குப் போகும் முன் கண்ணாடியைப் பற்றி ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் பக்கம் 'கிளாஸ் டாப்' என்றால் பெரும்பாலும் கேஸ் அடுப்பின் மேற்பலகையைத்தான் நினைப்பார்கள். அது டஃபன்டு கிளாஸ், பதப்படுத்திய சாதாரணக் கண்ணாடி. நன்றாகச் சூடேறிய நிலையில் குளிர்ந்த தண்ணீர் கொட்டினால் அது சிதறக்கூடும். உங்கள் மேடையில் இருப்பது கிளாஸ் செராமிக். லித்தியம், அலுமினியம், சிலிக்கா கலந்த கண்ணாடியை மறுபடி சூடேற்றி, உள்ளே நுண்ணிய படிகங்களை வளரவிட்டு உண்டாக்குவது. அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் டொனால்டு ஸ்டூக்கி என்ற ஆய்வாளர் 1950-களில், 600 டிகிரியில் இருக்க வேண்டிய உலை 900 டிகிரிக்குப் போய்விட்டதால் தற்செயலாகக் கண்ட பொருள் இது. ஜெர்மனியின் ஷாட் நிறுவனம் 1971-இல் 'செரான்' என்ற பெயரில் இதை அடுப்புப் பலகையாகக் கொண்டுவந்தது. சூட்டில் ஏறக்குறைய விரிவதே இல்லை. 700 டிகிரி அளவுக்குத் திடீர் வெப்ப மாற்றம் வந்தாலும் தாங்கும். குழம்பு பொங்கி வழிந்தாலோ தண்ணீர் தெறித்தாலோ வெடித்துவிடும் என்று அத்தை பயந்தால், அந்தப் பயம் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பயப்பட வேண்டியது வேறு. பலகையின் கனம் சுமார் 4 மில்லிமீட்டர்தான். நான் மாற்றிக் கொடுக்கும் உடைந்த கண்ணாடிகளில் பெரும்பாலானவை மேலிருந்து எதுவோ விழுந்து உடைந்தவை. ஊறுகாய் ஜாடி, மிக்ஸி ஜார், அரிவாள்மணை, கைதவறிய அம்மிக் குழவிகூட. அடுப்புக்கு நேர் மேலே உள்ள அலமாரியில் கனமான எதையும் வைக்காதீர்கள். ஓரத்தில் விழும் அடிதான் மிக மோசம். நடுவில் தாங்கும் கண்ணாடி ஓரத்தில் தாங்காது.

இனி பாத்திரம். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்துக்கொண்டு அத்தையின் பாத்திரங்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து அடியில் வைத்துப் பாருங்கள். கவ்விப் பிடித்தால் இண்டக்‌ஷன் வட்டத்தில் வேலை செய்யும். வழுக்கி விழுந்தால் செய்யாது. காரணம் எளிதானது. இண்டக்‌ஷன் வட்டத்துக்குக் கீழே செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் நொடிக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் திசை மாறும் மின்சாரம் ஓடும்போது, மேலே இருக்கும் பாத்திரத்தின் அடியிலேயே மின்னோட்டம் உண்டாகிறது. இரும்பில் அந்த ஓட்டம் அடியின் மிக மெல்லிய மேல்தோலில் நெருக்குண்டு ஓடுவதால் சூடு பிறக்கிறது. அலுமினியம், செம்பு, பித்தளை, வெண்கலம் எல்லாம் மின்சாரத்தைத் தடையில்லாமல் ஓடவிட்டுவிடும். அடுப்பு, பாத்திரமே வைக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு பீப் அடித்து நின்றுவிடும்.

எவர்சில்வரில்தான் ஏமாறுவார்கள். எவர்சில்வர் எல்லாம் ஒரே உலோகம் இல்லை. 304 என்ற ரகத்தைக் காந்தம் பிடிக்காது. 430 என்ற ரகத்தைப் பிடிக்கும். வீட்டில் இருக்கும் பழைய எவர்சில்வர் போணிகளில் பெரும்பாலானவை காந்தம் பிடிக்காத வகை. ஆனால் அழுத்தி வளைத்த விளிம்பிலும் அடியின் மூலையிலும் அதே எவர்சில்வரில்கூடக் காந்தம் லேசாக ஒட்டும், ஏனென்றால் வளைக்கும்போது உலோகத்தின் உள் அமைப்பே கொஞ்சம் மாறிவிடுகிறது. அதை நம்பி இண்டக்‌ஷனில் வைத்துவிட்டு அடுப்பு பழுது என்று என்னைக் கூப்பிடுகிறவர்கள் உண்டு. காந்தத்தை அடியின் நட்டநடுவில் வையுங்கள். வெடுக்கென்று கவ்வ வேண்டும். லேசான ஒட்டல் போதாது.

சிவப்பாகக் கனலும் மற்ற இரண்டு வட்டங்களுக்குக் காந்தக் கணக்கே கிடையாது. அலுமினியமும் செம்படி போட்ட எவர்சில்வரும் அதில் சூடாகும். ஆனால் அங்கே தட்டைத்தன்மை இரண்டு மடங்கு முக்கியம். இண்டக்‌ஷனில் காந்தப் புலம் சில மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டிவிடும். கனல் வட்டத்தில் அடி கண்ணாடியோடு படியாவிட்டால் சூடு கீழேயே தேங்கும். தேங்கினால், கண்ணாடியைக் காப்பாற்ற உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட் மின்சாரத்தை அறுத்துவிடும். "சிவப்பு அணைஞ்சு அணைஞ்சு எரியுது, சோறு வேகவே மாட்டேங்குது" என்று வரும் புகார்களில் பலவற்றுக்குக் காரணம் அடி நெளிந்த சருவச்சட்டிதான். விட்டுவிட்டு எரிவது இந்த அடுப்பின் இயல்பு. அடிக்கடி அணைந்து நீண்ட நேரம் எரியாமல் இருந்தால் பாத்திரத்தைச் சந்தேகப்படுங்கள்.

தட்டையா என்று பார்க்கப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் ஸ்டீல் ஸ்கேல் போதும். பாத்திரத்தைக் கவிழ்த்து, அடியின் குறுக்கே ஸ்கேலை நிறுத்தி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நடுவில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தால் நல்லது. சூடேறும்போது உலோகம் விரிந்து அந்த இழை மூடிக்கொள்ளும்; நல்ல பாத்திரத்தை அப்படித்தான் செய்கிறார்கள். ஸ்கேல் நடுவில் முட்டிக்கொண்டு இருபுறமும் ஆடினால் அந்தப் பாத்திரம் கண்ணாடி அடுப்புக்கு ஆகாது. மேடையில் வைத்தால் பம்பரமாகச் சுற்றும், கிண்டும்போது நழுவும். பழைய அலுமினியக் குக்கர்களில் இது சர்வ சாதாரணம். ஒரு தடவை தண்ணீர் வற்றி அடிப்பிடித்திருந்தாலே அடி வெளியே பிதுங்கிவிடும்.

கனம் ஏன் வேண்டும் என்பதைச் சொதியை வைத்துச் சொன்னால் நம் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று விளங்கும். மறுவீட்டு விருந்துக்கு வைக்கிற சொதியில் கடைசியாக முதல் தேங்காய்ப்பால் ஊற்றி, கொதிக்கவிடாமல் இறக்க வேண்டும். பல இண்டக்‌ஷன் அடுப்புகள் குறைந்த சூட்டில் ஒரே சீராக எரிவதில்லை. சில நொடி முழு வேகம், சில நொடி ஓய்வு என்றே மாறி மாறிப் போகும். மெல்லிய அடியுள்ள பாத்திரத்தில் அந்த முழு வேகம் வரும் ஒவ்வொரு தடவையும் அடியில் கொதித்து, பால் திரிந்துபோகும். கனத்த அடி அந்த வேகத்தை வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாக மேலே விடும். உங்கள் வீட்டில் இரண்டு வகையும் இருப்பதால், சொதியைக் கனல் வட்டத்தில் குறைந்த சூட்டில், கனத்த அடியுள்ள பாத்திரத்தில் வையுங்கள். அதற்கு அதுதான் பொருத்தம்.

கனத்தோடு உலோகமும் சேர்ந்து வர வேண்டும். செம்பு சூட்டைக் கடத்துவதை 400 என்று வைத்தால், அலுமினியம் 200-க்கு மேல், வார்ப்பிரும்பு 50 அளவில், எவர்சில்வர் வெறும் 15. முழு எவர்சில்வர் பாத்திரத்தில் ரவை வறுத்தால் நடுவில் கருகி ஓரத்தில் வெள்ளையாக நிற்பது இதனால்தான். அதைச் சரிசெய்யத்தான் உள்ளே எவர்சில்வர், நடுவில் அலுமினியம், வெளியே காந்தம் பிடிக்கும் எவர்சில்வர் என்று மூன்று தகடுகளைச் சேர்த்து ட்ரைபிளை செய்கிறார்கள். விலை கூடுதல்தான். ஆனால் இந்த அடுப்புக்குக் காசு கொடுத்து வாங்கத் தகுந்த பாத்திரம் ஒன்று உண்டென்றால் அது இதுதான் என்பது என் தீர்மானமான கருத்து. வாங்கிய பிறகு ஒரு சோதனை செய்யுங்கள். எண்ணெய் விடாமல் ஒரு கை ரவையை அடி முழுக்கப் பரப்பி நடுத்தரச் சூட்டில் கிண்டாமல் விடுங்கள். ரவை சிவக்கிற விதம் அந்தப் பாத்திரத்தின் குணத்தை அப்படியே காட்டிவிடும். வளையம் வளையமாகச் சிவந்தால் அடி மெல்லிசு. அகலமாக ஒரே சீராகச் சிவந்தால் நல்ல பாத்திரம்.

ட்ரைபிளை வாங்க முடியாவிட்டால், அடியில் மட்டும் கனத்த தட்டு ஒட்டிய எவர்சில்வர் பாத்திரம் அடுத்தது. அதில் இரண்டைப் பாருங்கள். அந்தத் தட்டின் அகலம் பாத்திரத்தின் அகலத்துக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். பாத்திரம் 22 சென்டிமீட்டர், தட்டு 15 என்றால் விளிம்போரம் சூடு ஒழுங்காகப் போய்ச் சேராது. அடுத்து, சில மலிவான அலுமினியப் பாத்திரங்களில் 'இண்டக்‌ஷன் பேஸ்' என்று சொல்லி ஓட்டை ஓட்டையான மெல்லிய எஃகுத் தகட்டை அழுத்திவைத்திருப்பார்கள். காந்தம் ஒட்டும், அடுப்பும் ஏற்றுக்கொள்ளும், சூடு மட்டும் மந்தமாகவே ஏறும். சுருள் போட்ட இண்டக்‌ஷன் முத்திரை அடியில் இருப்பதால் மட்டும் எல்லாம் ஒரே தரம் என்று எண்ண வேண்டாம்.

அகலத்துக்கு ஒரு கணக்கு. கண்ணாடியில் வரைந்திருக்கும் வட்டத்தை அளந்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். 14.5, 18, 21 சென்டிமீட்டர் என்பவை வழக்கமான அளவுகள். பாத்திரத்தின் அடி (வாய் இல்லை, அடி) அந்த அளவுக்கு இரண்டு விரல் முன்பின் இருக்கலாம். இண்டக்‌ஷன் வட்டத்தில் 12 சென்டிமீட்டருக்குக் குறைவான அடியைப் பல அடுப்புகள் கண்டுகொள்ளவே செய்யாது. நம் சமையலில் இது எங்கே இடிக்கும் தெரியுமா? தாளிப்பில். தாளிப்புக் கரண்டியின் அடி உருண்டை, அகலமும் கையளவு. இண்டக்‌ஷனில் அது நடக்கவே நடக்காது. 12, 14 சென்டிமீட்டர் அடியுள்ள சின்ன இரும்பு வாணலி ஒன்று வாங்கிவிடுங்கள். தாளிப்புக்கும் ஆகும், அத்தைக்கு மட்டும் ஒரு முட்டை பொரிப்பதற்கும் ஆகும்.

தோசைக்கல்லுக்கு வருவோம், இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். அத்தையின் இரும்புக்கல்லைத் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பல வருடம் எண்ணெய் குடித்துப் பழகிய கல்லுக்கு ஈடாகக் கடையில் எதுவும் கிடையாது. இரும்பு என்பதால் இண்டக்‌ஷன் அதை விரும்பி ஏற்றுக்கொள்ளும். ஸ்கேல் வைத்துப் பாருங்கள். நடுவில் லேசாகக் குழிந்திருந்தால் பரவாயில்லை. பிதுங்கி ஆடினால், வார்ப்பிரும்பு இல்லாத தகட்டுக்கல்லை இரும்புப் பட்டறையில் கொடுத்துத் தட்டிச் சமப்படுத்த முடியும். வார்ப்பிரும்பைத் தட்டக் கூடாது, வெடித்துவிடும். அடியில் சொரசொரப்போ பிசிறோ இருந்தால் உப்புத்தாள் போட்டு வழவழப்பாகத் தேய்த்துவிடுங்கள்.

கல்லைச் சூடேற்றுவதில்தான் பழக்கத்தை மாற்ற வேண்டும். கல் 30 சென்டிமீட்டர், கீழே சுருள் 18 அல்லது 21. எடுத்தவுடன் முழு வேகத்தில் வைத்தால் நடுவில் பொசுங்கி ஓரத்தில் மாவு பச்சையாகக் கிடக்கும். வார்ப்பிரும்புக்கல் அந்த வேகத்தில் விரிசல் விடவும் கூடும். குறைந்த சூட்டில் ஏழெட்டு நிமிடம் விட்டால் சூடு மெல்ல ஓரம்வரை பரவும். அதன் பிறகு நடுத்தர சூடு. தோசையைக் கல்லின் அகலத்துக்கு இழுக்காமல் வட்டத்தைவிட ஒரு சுற்று பெரிதாக மட்டும் வார்த்துக்கொள்ளுங்கள். நான்ஸ்டிக் கல்லாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அந்தப் பூச்சு 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும். இண்டக்‌ஷனில் வெறும் கல் சில நிமிடத்தில் அந்தச் சூட்டைத் தொட்டுவிடும்.

வட்ட அடியுள்ள இருப்புச்சட்டி, அதாவது சீனிச்சட்டி, ஆகாது. அடியைத் தட்டையாகச் செய்த இரும்புச் சட்டிகள் இப்போது திருநெல்வேலி டவுண் பாத்திரக் கடைகளிலேயே கிடைக்கின்றன. அப்பளம், வடை, கத்தரிக்காய் வதக்கல் எல்லாவற்றுக்கும் அது போதும். குழிப்பணியாரச் சட்டியிலும் அடி முழுத் தகடாக இருப்பதைப் பாருங்கள். ஒவ்வொரு குழியும் தனித்தனி மொட்டாகக் கீழே துருத்திக்கொண்டிருப்பது கண்ணாடியை முனை முனையாகத்தான் தொடும். ஆப்பச்சட்டி கேஸ் அடுப்புக்குரியது.

குக்கர் புதிதாக வாங்குவீர்கள் என்று நினைக்கிறேன். ஒரே கம்பெனியில் ஒரே பெயரில் இண்டக்‌ஷனுக்கு ஆகும் அடியும் ஆகாத அடியும் விற்பார்கள். டப்பாவில் படித்தாலும் திறந்து காந்தம் வைத்துப் பார்த்துவிட்டே காசு கொடுங்கள். இண்டக்‌ஷனில் குக்கரை முழு வேகத்தில் வைத்தால் பருப்பு உள்ளே சூடு பிடிக்கும் முன்பே விசில் வந்துவிடும். நடுத்தரத்தில் தொடங்குங்கள். இது வேகமான அடுப்பு என்பதை மறந்துவிடுகிறோம். 2000 வாட் இண்டக்‌ஷனில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் மூன்று நிமிடத்தில் கொதித்துவிடும். கேஸ் அடுப்பில் எரிகிற சூட்டில் பாத்திரத்துக்குப் போவது ஏறக்குறைய 40 சதவீதம். இண்டக்‌ஷனில் 85 சதவீத அளவுக்குப் போகிறது. ட்ரைபிளையும் தட்டு ஒட்டிய பாத்திரமும் முழு வேகத்தில் வண்டு மாதிரி ரீங்காரம் போடும். அது தகடுகளின் அதிர்வு, கோளாறு இல்லை.

வெண்கலப் பானையும் பித்தளை உருளியும் இண்டக்‌ஷனில் வேலை செய்யாது. அடி உருண்டை என்பதால் கனல் வட்டத்திலும் வேண்டாம். ஈயச்சொம்பு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ஈயச்சொம்பு செய்வது வெள்ளீயத்தில்; அது 232 டிகிரியில் உருகிவிடும். கனல் வட்டத்தின் கண்ணாடி அதைவிட மிக அதிகச் சூட்டுக்குப் போகும். யாராவது பழக்கதோஷத்தில் வைத்துவிட்டால் சொம்பும் போய்க் கண்ணாடியும் போகும். ரசத்தை எவர்சில்வரில் கொதிக்கவைத்து, இறக்கிய சூட்டோடு ஈயச்சொம்பில் ஊற்றி மூடிவையுங்கள். வாசனை குறையாது.

மண்சட்டிக்கு வழி கேட்டிருக்கிறீர்கள். காருக்குறிச்சிச் சட்டியில் வைத்த மீன்குழம்புக்கு மாற்று இல்லை என்பதில் எனக்கும் சந்தேகம் கிடையாது. ஆனால் மண் சூட்டை மிக மெதுவாகக் கடத்தும், காந்தம் அறியாது, அடியும் உருண்டை. கடையில் மண்சட்டிக்கும் செம்புப் பாத்திரத்துக்கும் அடியில் வைக்க ஓர் இரும்புத் தட்டு விற்பார்கள், இண்டக்‌ஷன் தட்டு என்று. வாங்காதீர்கள். தட்டு பழுத்துச் சூடாகிக் கண்ணாடியையும் கீழே இருக்கும் சுருளையும் வதைக்கும். சூட்டு உணரி குழம்பும். அதற்குப் பதில் பின்கட்டிலோ புழக்கடைச் சார்ப்பிலோ ஒற்றை பர்னர் கேஸ் அடுப்பு ஒன்றை வைத்துவிடுங்கள். மண்சட்டி, வெண்கலப் பானை, ஆப்பச்சட்டி எல்லாம் அங்கே நிம்மதியாக இருக்கட்டும். தீபாவளிக்கு அல்வா கிண்டுவதும் அங்கேதான். கோதுமைப்பாலும் சீனியும் நெய்யும் சேர்ந்து இறுகும் நேரத்தில் இரண்டு கையாலும் அழுத்திக் கிண்ட வேண்டியிருக்கும். பாத்திரம் கண்ணாடியின் மேல் உராய்ந்து நகரும், பாகும் தெறிக்கும்.

அந்தப் பாகுதான் இந்தக் கண்ணாடிக்கு உண்மையான எதிரி. உடன்குடிக் கருப்பட்டியோ வெல்லமோ சீனியோ, சூடான வட்டத்தில் வழிந்து அப்படியே ஆறினால், ஆறி இறுகும்போது கண்ணாடியைக் கவ்விக்கொண்டு சுருங்கும். பிறகு சுரண்டினால் கண்ணாடியின் மேல்தோலும் சேர்ந்து சில்லு சில்லாகப் பெயர்ந்து வரும். அந்தப் பள்ளத்தைச் சரிசெய்ய வழியே கிடையாது. பாகு வழிந்தால், அடுப்பை அணைத்துவிட்டு, பாத்திரத்தை நகர்த்தி, சூடு ஆறும் முன்பே கண்ணாடி அடுப்புக்கென்று விற்கும் பிளேடு சுரண்டியைச் சாய்வாகப் பிடித்து வட்டத்துக்கு வெளியே தள்ளிவிட வேண்டும். கை சுடாமல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மற்ற எந்தக் கறையையும் ஆறவிட்டுத் துடைக்கலாம். இனிப்பு மட்டும் காத்திருக்காது. முந்திரிக்கொத்துக்கும் அதிரசத்துக்கும் பாகு காய்ச்சுவதானால் உயரமான பாத்திரத்தில் பாதியளவு மட்டும் ஊற்றி, இண்டக்‌ஷன் வட்டத்தில் காய்ச்சுங்கள். அங்கே பாத்திரம்தான் சூடாகிறது, கண்ணாடி பாத்திரத்தின் சூட்டை மட்டும் வாங்குகிறது. வழிந்தாலும் கனல் வட்டத்தைப்போல உடனே கருகிப் பிடிக்காது.

கீறல்களைப் பற்றியும் தவறான எண்ணம் இருக்கிறது. இரும்புப் பாத்திரம் கீறிவிடும் என்பார்கள். இரும்பு கண்ணாடியைவிட மென்மையானது. அது விடுவது பெரும்பாலும் சாம்பல் நிற உலோகத் தடம். அதற்கென்று விற்கும் கிரீம் போட்டால் போய்விடும். அலுமினியமும் செம்படியும் விடும் தடங்களும் அப்படித்தான், அன்றன்றே துடைத்தால். உண்மையில் கீறுவது மணல். மணலில் உள்ள குவார்ட்ஸ் இந்தக் கண்ணாடியைவிடக் கெட்டி. பாத்திரத்தைப் புழக்கடையில் தரையில் வைத்துத் தேய்த்து, அடியில் ஒட்டிய மண்ணோடு மேடையில் வைத்து ஓர் இழு இழுத்தால் போதும், ஆயுசுக்கும் அழியாத கோடு விழும். அடியை உள்ளங்கையால் ஒரு தடவை துடைத்து வையுங்கள். நகர்த்த வேண்டுமானால் தூக்கி வையுங்கள். அடி ஈரமில்லாமலும் இருக்கட்டும். தாமிரபரணித் தண்ணீர் பெரிதாகக் கறை விடாது; வள்ளியூர், ராதாபுரம் பக்கம் போர்த் தண்ணீர் புழங்குகிறவர்களின் கண்ணாடியில் வெள்ளை உப்புப் படலம் படியும். ஆறிய பிறகு எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்டுத் துடைத்தால் போதும்.

எனாமல் பூசிய பாத்திரம் பார்க்க அழகு. தண்ணீர் வற்றி வெறும் சூட்டில் விட்டால் எனாமல் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. மறதி இல்லாதவர்கள் வைத்துக்கொள்ளலாம்.

ஆக, நீங்கள் வாங்க வேண்டியதாக நான் நினைப்பது: 18 முதல் 20 சென்டிமீட்டர் அடியில் ட்ரைபிளைப் பாத்திரம் ஒன்று (குழம்பு, சொதி, பால் எல்லாம் அதிலேயே), காந்தம் பிடிக்கும் அடியுள்ள குக்கர், தட்டையடி இரும்புச் சட்டி, தாளிக்கச் சின்ன வாணலி. இட்லிக் கொப்பரையின் அடி தட்டையாக இருந்தால் அலுமினியமானாலும் கனல் வட்டத்தில் ஓட்டிக்கொள்ளலாம், புதிது வேண்டாம். கடைக்குப் போகும்போது காந்தம், ஸ்கேல், வட்டங்களை அளந்து குறித்த தாள் மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். "அண்ணாச்சி, ஸ்டிக்கரைப் பிரிச்சு அடியைக் காட்டுங்க" என்று கேளுங்கள். பிரிக்க மறுக்கிற கடையில் வாங்காதீர்கள்.

கடைக்குக் கிளம்பும் முன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒன்றைக் கேட்டுவிடுங்கள். நான்கு வட்டமும் சேர்ந்து எரிந்தால் இந்த அடுப்புகள் 7000 வாட் வரை இழுக்கும், 230 வோல்ட்டில் அது 30 ஆம்பியர். தனி கம்பி, தனி எம்.சி.பி (மின்சாரம் அளவு மீறினால் தானாக அணையும் ஸ்விட்ச்), சரியான எர்த் மூன்றும் இருக்கின்றனவா, வீட்டு இணைப்பின் அனுமதிக்கப்பட்ட லோடு போதுமா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒற்றை இண்டக்‌ஷன் அடுப்பைத் தனியாக வாங்கி மேடையில் வைப்பவர்களும் 2000 வாட்டுக்கு 16 ஆம்பியர் பிளக்கில்தான் செருக வேண்டும், மிக்ஸிக்குப் போட்ட சின்ன பிளக்கில் செருகக் கூடாது. கண்ணாடியில் எப்போதாவது விரிசல் தெரிந்தால், பாத்திரத்தை எடுப்பதற்கு முன்பே மெயினை அணைத்துவிடுங்கள். கண்ணாடியை முழுதாக மாற்றும்வரை அந்த அடுப்பில் ஒரு வட்டத்தைக்கூட எரிக்க வேண்டாம்.